மலிவான வால்வுப் பெருக்கிகள்: வாங்கத் தகுமோ?

வழக்கொழிந்த பொருளொன்று புதுக்கோலம் பூண்டு மீண்டும் சந்தைக்கு வருமாயின், அதனை நாடுவோர் இரு திறத்தினர் ஆவர். பழைய நாள்களின் நினைவுக்காக நாடுவோர் ஒரு திறத்தினர். புதியதற்கு இல்லாத சிறப்பொன்று பழையதில் உண்டென நம்பி நாடுவோர் மற்றொரு திறத்தினர். வெற்றிடக் குழாய் எனப்படும் வால்வு இன்று இவ்விரு திறத்தாரையும் ஒருங்கே கவர்ந்து வருகின்றது. ஹெட்போன் எனும் செவிக்கருவியை இயக்குதற்குரிய சிறு பெருக்கிகள், கண்ணாடிக் குழாய் ஒன்றோ இரண்டோ தலைமேல் ஒளிர, 50 முதல் 150 அமெரிக்க டொலர் வரையிலான விலைகளில் இணைய வணிக நிலையங்களில் விற்கப்படுகின்றன. இவை இசைக்கு இதமும் இனிமையும் ஊட்டும் என்பது விற்போர் கூற்று. டொலரை ரூபாயாக்கி, அஞ்சற் செலவையும் தீர்வையையும் கூட்டினால், மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு இது சிறு தொகையன்று. ஆகவே அக்கூற்றிற் பொருந்துவது எவ்வளவு, பொருந்தாதது எவ்வளவு என்பதை வாங்குமுன் ஆராய்தல் வேண்டும்.

முதலில் வால்வின் வரலாற்றையும் தொழிலையும் சுருங்கக் காண்பது நன்று. 1904ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் ஜோன் அம்புறோஸ் பிளெமிங் காற்றகற்றிய கண்ணாடிக் குமிழொன்றில் இரண்டு மின்வாய்களை அமைத்து, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் கருவியை ஆக்கினார். ஒருவழிக் கதவு போன்றிருந்தமையால் அது வால்வு எனப் பெயர் பெற்றது. 1906ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கரான லீ டி பொறெஸ்ற் அவ்விரண்டிற்கும் நடுவே நெய்யரி என்னும் மூன்றாவது மின்வாயைப் புகுத்தினார். சூடேறிய கதோட்டிலிருந்து எழும் இலத்திரன்கள் நேர்மின்னேற்றமுள்ள அனோட்டை நோக்கி ஓடும். அவ்வோட்டத்தை நெய்யரியிற் படும் மிகச் சிறிய மின்மாற்றம் கூட்டியும் குறைத்தும் ஆளும். வாய்க்காலின் மதகைச் சிறுவன் ஒருவன் ஓரங்குலம் உயர்த்தினாலும் வயலுக்குப் பாயும் நீர் பெருகிவிடுவது போன்றது இது. சிறிய குறிப்பொன்று பெரிய ஓட்டமாக உருப்பெறும் இத்தொழிலே பெருக்கல் எனப்படும்.

வானொலியும் பேசும்படமும் தூரதேசத் தொலைபேசியும் வளர்ந்தது இவ்வால்வின் துணையாலேயாம். 1947 டிசெம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் பிறந்தது. சூடேற்ற வேண்டாத, உடையாத, சிறிதளவு மின்னில் இயங்கும் அக்குறைகடத்திக் கருவி, அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் வால்வை வீட்டு வானொலிகளிலிருந்து பெரும்பாலும் வெளியேற்றிவிட்டது. கிற்றார் வாத்தியத்துக்கான பெருக்கிகளிலும், உயர்விலை இசைக்கருவிகளிலும் மட்டும் வால்வு தன் இடத்தைக் காத்துக்கொண்டது.

வால்வின் ஒலி இனியது என்போர் பொய்யுரைக்கின்றாரல்லர். அவர்கள் கூற்றுக்கு ஏற்ற காரணம் ஒன்று உண்டு. எந்தப் பெருக்கியும் உள்ளே வந்த ஒலியை அப்படியே வெளியே விடுவதில்லை. தன் பங்குக்குச் சிறிது கலப்படம் செய்யும். இதுவே திரிபு எனப்படும். மூவாய் வால்வொன்று தனியே தொழிற்படும்போது அது கூட்டும் திரிபு பெரும்பாலும் இரண்டாம் மேற்றொனியாக அமையும். 440 ஹேட்ஸ் மீடிறனுடைய சுரம் ஒன்று உள்ளே சென்றால், 880 ஹேட்ஸ் சுரமும் மெல்லெனச் சேர்ந்து வெளிவரும். சங்கீத மொழியிற் கூறின், ஆதார சட்ஜத்துடன் மேற்சட்ஜமும் கூடி ஒலிப்பதாகும். இவை தம்முள் முரணாதவை. ஆதலின் செவி அதனைக் குற்றமென்று கொள்ளாது, குரல் சற்றுத் தடித்து நிறைந்து ஒலிப்பதாகவே கொள்ளும். தனியொரு வீணையோ, தனியொரு பெண்குரலோ இதனால் அழகுபெறக் கூடும்.

ஆயினும் பல வாத்தியங்கள் ஒருங்கே முழங்கும்போது நிலைமை வேறாகின்றது. 500, 600 ஹேட்ஸ் எனும் இரு சுரங்கள் ஒரே நேரத்தில் அத்தகைய பெருக்கியுட் செல்லுமாயின், அவற்றின் வேறுபாடான 100 ஹேட்சும் கூட்டுத்தொகையான 1100 ஹேட்சும் அழையா விருந்தாளிகளாய் வந்து சேரும். நூறு வாத்தியங்கள் கூடிய இசையில் இவ்விருந்தாளிகள் பெருகி, ஒலிக்குத் தெளிவின்மையை உண்டாக்குவர். ஒரு பாட்டிற்கு இதமாக இருந்தது மற்றொன்றிற்கு மங்கலாக இருப்பதன் காரணம் இதுவேயாம்.

இனி, மலிவான கருவிகளின் உள்ளமைப்பை நோக்குக. அவற்றிற் பெரிதும் பயன்படுவன 12 ஏயூ 7 எனும் இரட்டை மூவாய் வால்வும், 6 ஜே 1 எனும் சிறு வால்வுமாகும். பின்னது, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் உருவான 6 ஏகே 5 வால்வுக்கு ஒப்பான சீனத் தயாரிப்பு. 12 ஏயூ 7 வால்வு அனோட்டில் 100 முதல் 250 உவோற்று வரை பெற்று இயங்குமாறு வகுக்கப்பட்டது. மலிவான பெருக்கிகள் பலவற்றில் அதற்குக் கிடைப்பது 24 உவோற்று அல்லது அதனை அடுத்த அளவேயாம். அரைவயிற்றுக் கூலியாளிடம் முழுநாள் வேலை வாங்குவது போல, அவ்வால்வு நேர்சீராகத் தொழிற்படாது; திரிபு மிகும். உயர்ந்த அழுத்தத்தை ஆக்குவதற்கு நல்ல மாற்றியும், தாங்கும் கொள்ளளவிகளும், கவனமான காப்பீடும் வேண்டும். செலவு முழுவதும் அங்கேதான் உள்ளது. விலையைக் குறைக்க விரும்புவோர் முதலிற் கைவைப்பதும் அங்கேதான்.

இத்தகைய கருவிகள் பலவற்றில் செவிக்கருவியை உண்மையில் இயக்குவது வால்வன்று. அதன் பின்னே மறைந்திருக்கும் திரான்சிற்றரோ சில்லோ ஆகும். வால்வு முன்னின்று குறிப்பைப் பெருக்க, குறைகடத்தி பின்னின்று பாரத்தைச் சுமக்கின்றது. இக்கலப்பு முறை தன்னளவிற் குறையுடையதன்று. நன்கு வகுத்தால் மிக நல்ல பயன் தரும். ஆனால் சில கருவிகளில் வால்வின் அடியில் நிறவிளக்கொன்று பதிக்கப்பட்டிருக்கின்றது. வாங்குவோர் கண்டு மகிழும் பேரொளி அவ்விளக்கின் ஒளியே. வால்வின் சூடேற்றி தரும் உண்மையான ஒளி மங்கிய செம்மஞ்சள் நிறத்தது. பகலில் அதனைத் தேடித்தான் காணவேண்டும். வெளுத்ததெல்லாம் பாலன்று என்பதற்கு இஃதொரு சான்று.

அடுத்து ஆராய வேண்டுவது பொருத்தம். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்னும் பழமொழி இங்கு முற்றாகப் பொருந்தும். ஒவ்வொரு செவிக்கருவிக்கும் ஓம் எனும் அலகால் அளக்கப்படும் மின்தடங்கல் உண்டு. கையடக்கத் தொலைபேசிக்கென விற்கப்படுவன பெரும்பாலும் 16 முதல் 32 ஓம் வரையின. ஒலிப்பதிவுக் கூடங்களில் வழங்கும் சில வகைகள் 250, 300, 600 ஓம் எனும் அளவின. பெருக்கிக்கும் தன் வெளிவாயிலில் ஒரு மின்தடங்கல் உண்டு. அது செவிக்கருவியினதில் எட்டிலொரு பங்கிற்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது துறையினர் கைக்கொள்ளும் விதி.

வெளியீட்டு மாற்றியின்றி வால்வே நேராகச் செவிக்கருவியை இயக்கும் அமைப்பில் இம்மின்தடங்கல் பெரும்பாலும் நூறு ஓமை எட்டிவிடும். சிலவற்றில் அதனையும் தாண்டும். 120 ஓம் வெளித்தடங்கல் உள்ள பெருக்கியொன்றில் 32 ஓம் செவிக்கருவியைப் பொருத்தினால், மின்னழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே செவிக்கருவியை அடையும். எஞ்சியது பெருக்கியினுள்ளேயே வீணாகும். அன்றியும், அச்செவிக்கருவியின் தடங்கல் தாழ்ந்த சுரங்களில் 64 ஓமாக உயருமாயின், அச்சுரங்கள் மட்டும் 4 டெசிபெலுக்கு மேல் ஓங்கி ஒலிக்கும். மிருதங்கத்தின் தொப்பி குமுறும், வலந்தலை ஒதுங்கும். இதனையே சிலர் வால்வின் இதம் என மயங்குகின்றனர். அஃது வால்வின் குணமன்று, பொருத்தமின்மையின் விளைவு. அதே பெருக்கியில் 300 ஓம் செவிக்கருவியைப் பொருத்தினால், எட்டிலொரு பங்கு விதி நிறைவேறாவிடினும் இக்குறை பெரிதும் தணிந்துவிடும்.

பெருக்கியொன்று தேவைதானா என்பதும் கேட்கத்தக்க வினாவே. 1 மில்லிவாற்று வலுவில் 97 டெசிபெல் ஒலிதரும் 300 ஓம் செவிக்கருவியொன்றை எடுத்துக்கொள்க. அவ்வளவு ஒலிக்கு அதற்கு வேண்டுவது அரை உவோற்றுக்குச் சற்று மேற்பட்ட மின்னழுத்தமே. 32 ஓம் கருவியாயின் 0.18 உவோற்றே போதும். கையடக்கத் தொலைபேசியிற் செருகும் 9 டொலர் விலையுள்ள சிறு இணைப்பியொன்று ஏறத்தாழ 1 உவோற்றுத் தரவல்லது. அதன் வெளித்தடங்கலும் திரிபும் மிகச் சிறியன. இசையின் உச்சங்களுக்கென மிகைவலு சிறிது வேண்டுமெனினும், சாதாரண செவிக்கருவி வைத்திருப்போர் பலருக்குத் தனிப் பெருக்கியே தேவையன்று என்பது இதனாற் புலனாகும். ஒலியின் தரத்தை உயர்த்த விரும்புவோர் பணத்தை முதலில் நல்ல செவிக்கருவிக்கே செலவிடல் தகும். இரு பெருக்கிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டினும் இரு செவிக்கருவிகளுக்கிடையே உள்ள வேறுபாடு பன்மடங்கு பெரிது.

வால்வின் குணம் வால்வுக்கே உரிய மந்திரமா என்ற வினாவுக்கு 1985ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று விடை தந்தது. பொப் காவர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், தம்முடைய மலிவான திரான்சிற்றர்ப் பெருக்கியை மாற்றியமைத்து, விலையுயர்ந்த பெருக்கியொன்றைப் போலவே ஒலிக்கச் செய்வதாகச் சூளுரைத்தார். 'ஸ்ரீரியோபைல்' சஞ்சிகையின் ஆசிரியர்கள் அதற்கென வால்வுப் பெருக்கியொன்றைத் தெரிந்தெடுத்தனர். சில நாள் உழைப்பின் பின் இரண்டையும் கேட்ட அவ்வாசிரியர்கள் வேற்றுமை காண இயலாதவராயினர். இனிமையாகக் கேட்பது அளந்தறியக் கூடிய இயல்புகளின் விளைவே என்பதும், அவ்வியல்புகளை வேறு வழியாலும் ஆக்கலாம் என்பதும் அன்று தெளிவாயின. இன்று கணினியில் இயங்கும் சில மென்பொருள்கள் பணச்செலவின்றியே இரண்டாம் மேற்றொனியைக் கூட்டித் தருகின்றன. விரும்பாதபோது அதனை நீக்கவும் இயலும்.

பழைய வானொலிப் பெட்டியின் குரலை நினைந்து ஏங்குவோர்க்கும் ஒரு சொல் உண்டு. இலங்கையில் ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டில் தொடங்கியது முதல் பல்லாண்டுகளாக வீடுகளில் ஒலித்தவை வால்வுப் பெட்டிகளே. அவற்றின் இனிமை வால்வினால் மட்டும் வந்ததன்று. பெரிய மரப்பேழையும், அகன்ற ஒலிபெருக்கியும், உயர்சுரங்களை ஓரளவு தடுத்துவிடும் மத்திய அலை ஒலிபரப்பும் கூடி ஆக்கிய குரல் அது. மாலை வேளையில் ஊர் கூடிக் கேட்ட மகிழ்ச்சியும் அதனுட் கலந்திருந்தது. காதின்மேற் பொருத்திய செவிக்கருவியில், ஒற்றை வால்வொன்று அத்தனையையும் மீட்டுத் தரும் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

வாங்கிய பின் வரும் செலவும் சிந்திக்கத் தக்கது. சிறு வால்வுகள் பல ஆயிரம் மணிநேரம் உழைப்பவையே, எனினும் அழிவில்லாதவையல்ல. சீனா, இரஷ்யா, சிலோவாக்கியா ஆகிய நாடுகளில் இன்றும் வால்வுகள் செய்யப்படுகின்றன. 2022ஆம் ஆண்டில் இரஷ்யாவின் ஏற்றுமதி தடைப்பட்டபோது வால்வு விலைகள் ஏறியதையும் நினைவு கூரலாம். ஒரு வால்வைக் கழற்றி மற்றொன்றை மாட்டிச் சுவை பார்க்கும் பழக்கம் பலரைப் பற்றிக்கொள்கின்றது. பழைய இருப்பு என விற்கப்படும் குழாயொன்றின் விலை பெருக்கியின் விலையைத் தாண்டுவதும் உண்டு. சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது இதற்கே சொன்னது போலும்! அக்குழாய்களுட் போலிகளும் கலந்துள்ளன.

இத்தனையும் கூறியபின், இவை எவருக்குமே ஆகா எனத் தள்ளிவிடலாமோ எனின், அதுவும் நீதியன்று. 250 ஓமுக்கு மேற்பட்ட செவிக்கருவியை ஏற்கெனவே உடையவர், தனிக்குரலும் சில்லிசையும் விரும்பிக் கேட்பவர், திரிபு என்று அறிந்தே அதன் சுவையை நாடுபவர் ஆகியோர்க்கு நன்கமைந்த மலிவுப் பெருக்கி மனநிறைவு தரக்கூடும். மின்னியல் பயிலும் மாணவனுக்குத் தாழ்ந்த அழுத்தத்தில் இயங்கும் வால்வுப் பெருக்கித் தொகுதி ஒரு நல்ல ஆசானாகும். கண்ணாடியினூடே கதோட்டையும் அனோட்டையும் கண்ணாற் காணும் வாய்ப்பைச் சில்லு எதுவும் தருவதில்லை. ஆனால் நூறு உவோற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இயங்கும் கருவியை அறிந்தவர் துணையின்றித் திறத்தல் கூடாது. மின்னிணைப்பைக் கழற்றிய பின்னும் கொள்ளளவிகளில் உயிர்போக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

வாங்கத் துணிந்தோர் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். வெளித்தடங்கல் எத்தனை ஓம்? வால்வுக்கு அளிக்கப்படும் அழுத்தம் எவ்வளவு? தம்மிடமுள்ள செவிக்கருவியின் ஓமிற்கு எத்தனை மில்லிவாற்றுக் கிடைக்கும்? இவற்றை அறிவிக்காது ஒளியின் அழகை மட்டும் புகழும் விளம்பரத்தை நம்புதல் தகாது. கருவி கைக்கு வந்ததும் இசையின்றி ஒலியை உயர்த்தி, 50 அல்லது 100 ஹேட்ஸ் முரலொலி கேட்கின்றதா என நோக்குக. வால்வு சூடேறும்வரை செவிக்கருவியைப் பொருத்தாதிருப்பது அதற்குப் பாதுகாப்பு. வேறொரு பெருக்கியுடன் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்தல் அவசியம். சற்று உரத்து ஒலிப்பது எதுவோ அதுவே சிறந்ததெனச் செவி தீர்ப்பளிக்கும் இயல்புடையது.

செவியைக் காத்தல் இவை எல்லாவற்றினும் மேலானது. 80 டெசிபெல் ஒலியை வாரத்தில் 40 மணிநேரம் கேட்கலாம் எனவும், 90 டெசிபெலாயின் 4 மணிநேரமே எனவும் உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்துள்ளது. மலிவான பெருக்கிகளும் இவ்வெல்லையை எளிதிற் கடக்க வல்லவை. கெட்டுப்போன வால்வைக் கழற்றி இன்னொன்றை மாட்டலாம். உட்செவியில் அழிந்த மயிர்க்கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே, செவிக்கருவி முதலில், பொருத்தம் அடுத்து, வால்வு கடைசியில் என்ற வரிசையிற் பணத்தைச் செலவிடுவோர் ஏமாறுதல் அரிது. மலிவான வால்வுப் பெருக்கி, அறிந்து வாங்குவோர்க்கு இனிய விளையாட்டுப் பொருள். ஒலியின் தரம் உயருமென நம்பி மட்டும் வாங்குவோர்க்குப் பெரும்பாலும் வீண்செலவு.