கறுப்பு மிதியடி ஏன் பள்ளமாகத் தெரிகிறது?

டிமென்ஷியா என்னும் மறதிநோய் உள்ளவர்களின் இல்லத்தில் மிதியடி கறுப்பாக இருந்தால், சிலர் அதன் முன் வந்து அப்படியே நின்றுவிடுவார்கள். பிடிவாதம் அல்ல. கண் பார்க்கிறது; ஆழத்தைக் கணிக்கும் மூளைதான் தடுமாறுகிறது. கருமை பள்ளமாகவும், பளபளக்கும் தரை தண்ணீர் தேங்கியது போலவும் தெரியும். அதனால்தான் தரைக்கு ஒரே நிறம், மினுக்கம் இல்லாமல்.

கழிப்பறையில் கதை நேர்மாறு. வெள்ளைச் சுவர், வெள்ளைப் பீங்கான், வெள்ளை இருக்கை என்றால் உட்காரும் இடமே புலப்படாது. இருக்கையை மட்டும் அடர்நிறமாக்கினால் பெரும் உதவி. கட்டிலில் இருந்தபடியே கழிப்பறை கண்ணில் படுவதும் முக்கியம். படாவிட்டால் அது நினைவுக்கே வராமல் போகலாம்.

நெதர்லாந்தின் வேஸ்ப் ஊரிலுள்ள ஹோகவேக் என்னும் மறதிநோய் இல்லம், நோயுள்ளவர்களுக்கு ஏற்ப இடத்தை அமைக்கும் இந்த யோசனையை 2009-இல் ஒரு கிராமம் அளவுக்கு விரித்தது. தொடக்கத்தில் 23 வீடுகள், வீட்டுக்கு ஆறேழு பேர். மளிகைக்கடை, உணவகம், நாடக அரங்கு எல்லாம் உள்ளேயே. கட்டடங்களே மதிலாக நிற்பதால், கால்போன போக்கில் நடந்தாலும் தெருவோ தோட்டமோ எதிர்ப்படும். நாடக மேடை மாதிரி ஏமாற்றுவேலை என்று குறைசொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கடையில் வாங்கும் காய்கறிதான் அன்றைக்கு வீட்டு அடுப்பில் வேகிறது.