தொண்டும் தொழிலும் சட்டமும்



தாம்பரம் சானடோரியம் என்னும் ரயில் நிலையம் தன் பெயரை ஒரு மருத்துவமனையிடமிருந்து பெற்றது. 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து நிறுவிய காசநோய் மருத்துவமனையே அது. நோய்க்கு மருந்து தருபவர் மருத்துவர். ஆயின், வீட்டார் மீண்டும் ஏற்பரோ, இழந்த வேலை கிட்டுமோ என்னும் நோயாளியின் கவலைக்கு வழி காண்பவர் யார்? அவரே மருத்துவச் சமூகப் பணியாளர்.

குடும்பத்தின் மறைபொருள்களைக் கேட்டறியும் அவருக்கு அவற்றைக் காக்கும் கடமையும் உண்டு. நான் பள்ளியில் பணியாற்றிய நாளில், ஆலோசகர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஒருவர், ஒரு மாணவனுடைய தந்தையின் நோயை அண்டை அயலாரிடம் வெளியிட்டுவிட்டார். நாணத்தால் அச்சிறுவன் பல நாள் பள்ளிக்கு வரவில்லை. “ஐயா, இவரைப் பற்றி யாரிடம் முறையிடுவது?” என்று அவன் தாயார் கேட்டார். விடை கூற இயலாது நின்றேன்.

மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பதிவேடு உண்டு. நெறி தவறினால் பெயர் நீக்கப்படும். சமூகப் பணியோ நெடுங்காலம் அத்தகைய வேலியின்றி வளர்ந்தது. மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952-இல் சென்னையில் சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கினார். பயிற்சி வந்தது, பதிவு வரவில்லை.

பின்னர்ச் சட்டம் சிறிது சிறிதாக இத்துறையுள் புகுந்தது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம், மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்கு உழைக்கும் வல்லுநர்க்குப் பதிவேடு அமைத்தது. பதிவின்றித் தொழில் புரிவோர்க்கு ஓராண்டு வரை சிறையோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்றது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப் பணியாளர் பெற்றிருக்க வேண்டிய கல்வியை வரையறுத்தது. 2021-இல் இயற்றப்பட்ட துணை மருத்துவத் தொழில்கள் பற்றிய சட்டம், மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளரையும் தன் அட்டவணையில் சேர்த்தது. எனினும், சமூகப் பணியாளர் அனைவரையும் தழுவும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. இங்கிலாந்திலோ, பதிவு பெறாதவர் அப்பெயரையே சூடலாகாது என்னும் விதி 2005-இல் நடைமுறைக்கு வந்தது.

“தொண்டுக்கும் உரிமம் வேண்டுமோ?” என்று நீங்கள் வினவலாம். பசித்தவனுக்குக் கஞ்சி வார்க்க எவர் அனுமதியும் வேண்டா. ஆனால், வல்லுநர் என்னும் பெயரால் பிறர் வாழ்வில் நுழைபவர், தம் செயலுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர். சட்டம் அன்பைப் படைக்காது. அன்பின் பெயரால் இழைக்கப்படும் தீங்கைத் தடுக்கும். இத்துறைக்கு வர விழையும் நீங்கள், கேட்டதைக் காக்கும் பண்பை முதலிற் பயிலுங்கள். அத்தாயார் கேட்ட வினாவுக்கு விடை தேடும் பொறுப்பு உங்கள் தலைமுறையினுடையது.