எப்படி இயங்குகிறது? அணில்குட்டியின் குடலில் காக்சிடியா

சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் தென்னைக்கு மட்டை கழிக்கும்போது அணில் கூடுகளும் சேர்ந்து விழுகின்றன. தாய் வந்து கவ்விப் போகட்டும் என்று காத்திருந்தும் வராத குட்டிகள் ஏதோ ஒரு வீட்டு அட்டைப்பெட்டிக்கு வந்துசேரும். சில வாரங்களில் அங்கே கேட்கும் கேள்வி: “கழிச்சல் நிக்கலையே, பூச்சி மருந்து கொடுக்கலாமா?”

முதலில் வயதைப் பாருங்கள். நம் ஊர் மூவரி அணில் கண் திறக்கவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். கண் திறக்காத குட்டிக்குக் கழிச்சல் என்றால் பெரும்பாலும் பசும்பால், மிதமிஞ்சிய தீனி, குளிர் இவைதான் காரணம். ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டியது அதற்குப் பிறகு. குட்டி துணியை விட்டு ஊர்ந்து, பழமும் பருப்பும் கொறிக்கத் தொடங்கியிருக்கும். நன்றாகத் தின்னும், எடை மட்டும் ஏறாது. வயிறு உப்பி, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும். உருண்டையாக விழவேண்டிய புழுக்கை சளி கலந்து நாறும், வால் அடி எப்போதும் ஈரமாக இருக்கும். பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் மடிப்பாகவே நிற்கிறதா? உடம்பில் நீர் வற்றிவிட்டது.

குடலில் இருப்பது உருண்டைப் புழுவாகவோ ஜியார்டியா என்ற நுண்ணுயிராகவோ இருக்கலாம். ஆனால் மீட்பு வீடுகளில் அதிகம் அலைக்கழிப்பது காக்சிடியா. கோழி வளர்ப்பவர்கள் ரத்தக் கழிச்சல் என்று அஞ்சும் நோயைத் தரும் கிருமியின் உறவு இது. ஒரே செல் உயிர், புழுவே இல்லை. பள்ளியில் பிள்ளைகளுக்குத் தரும் பூச்சி மருந்தான அல்பெண்டசோல் இதை ஒன்றும் செய்யாது.

இது பரவும் விதம் இட்லி மாவு வைத்திருக்கும் யாருக்கும் எளிதில் பிடிபடும். அரைத்த உடனே மாவு பொங்காது. இரவெல்லாம் வெளியில் இருந்தால்தான் பொங்கும். சித்திரையில் சீக்கிரம், மார்கழியில் தாமதம். காக்சிடியாவின் முட்டையுறையும் புழுக்கையோடு விழும்போது பச்சை மாவுதான், அப்போது அது தொற்றாது. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்து ஒன்றிரண்டு நாள் கிடந்தால் உள்ளே இருப்பது பிரிந்து பக்குவமாகும். தாம்பரத்துப் புழுக்கமும் நனைந்த துணியும் அதற்குத் தாராளம். குட்டி தன் பாதத்தை நக்குகிறது, உறை குடலுக்குள் போய் உடைகிறது. வெளிவரும் கிருமிகள் குடல் சுவரின் செல்களுக்குள் நுழைந்து பெருகி, அவற்றை வெடிக்கவைத்து அடுத்த செல்லுக்குத் தாவுகின்றன. சுவர் புண்ணாகிவிட்டால் நீரை உறிஞ்ச முடியாது, அதுதான் கழிச்சல். ஒரு வாரம் போல ஆனதும் புதிய உறைகள் வெளியே விழும். உள்ளே மருந்து வேலை செய்ய, பெட்டியில் பழைய மாவு புளித்துக்கொண்டே இருந்தால் நோய் எப்படித் தீரும்? அதனால் துணியைத் தினமும் மாற்றுவது பாதி வைத்தியம் என்றே சொல்வேன். ஃபினாயிலையும் பிளீச்சிங் பவுடரையும் நம்ப வேண்டாம், அந்த உறை அவற்றைத் தாங்கும். கொதிநீரில் துணியை வேகவையுங்கள், பிறகு நல்ல வெயிலில் காயப்போடுங்கள்.

மருந்துக்கு முன் பரிசோதனை. அன்று காலை விழுந்த புழுக்கையைச் சிறு டப்பாவில் இறுக மூடி, கொண்டுபோகும்வரை ஃபிரிட்ஜில் (ஃபிரீசரில் அல்ல) வைக்கலாம். மாவை உள்ளே வைக்கிற அதே காரணம்தான். ஆய்வகத்தில் அதை அடர்ந்த உப்பு அல்லது சர்க்கரைக் கரைசலில் கலக்குவார்கள். கசடு அடியில் தங்க, எடை குறைந்த உறைகள் மேலே மிதந்து கண்ணாடித் தகட்டில் ஒட்டும். உறைகள் எல்லா நாளும் வெளிவருவதில்லை. ஒருநாள் ஒன்றும் தெரியாவிட்டாலும் மறுநாள் மாதிரியையும் காட்டுங்கள்.

காக்சிடியா என்றால் சல்ஃபா வகை மருந்தோ டோல்ட்ராசுரிலோ, ஜியார்டியாவுக்கு மெட்ரோனிடசோல், உருண்டைப் புழுவுக்கு ஃபென்பெண்டசோல். எது, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். பத்துக் கிலோ குழந்தைக்கு 5 மில்லி சிரப் என்றால், 40 கிராம் குட்டிக்கு எடைக் கணக்கில் 0.02 மில்லி. ஒரு சொட்டே ஏறக்குறைய 0.05 மில்லி. ‘ஒரே ஒரு சொட்டுதானே’ என்று வீட்டு சிரப்பைக் கொடுப்பது எனக்குப் பயமாகவே இருக்கிறது. முதலில் உடம்பைச் சூடாக்குங்கள், அடுத்து நீரேற்றம், பால் அதற்கும் பிறகு. குளிர்ந்த குட்டியின் குடலில் பால் செரிக்காது.

கிண்டியில் வேளச்சேரி சாலையில் புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு இருக்கிறது, வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது குட்டியோடு அதன் புழுக்கை டப்பா, தினசரி எடை எழுதிய தாள், இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஒரே பெட்டியில் இருந்த மற்ற குட்டிகளையும் விட்டுவிடாதீர்கள். கழிச்சல் இல்லாததும் உறைகளைச் சிந்திக்கொண்டிருக்கலாம்.