பாத்திரப் பொறியும் வயற்பம்பும்

விடுமுறைக்கு வெதுருகுப்பம் சென்றிருந்தேன். பாத்திரம் கழுவும் பொறி ஓடியும் தட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கவில்லை. "பொறி பழுது; விற்றுவிடலாம்" என்றார் அம்மா.

மின்பணியாளர் அளந்தார்: 230 வோல்ட் வேண்டிய இடத்தில் 165! எங்கள் டிரான்ஸ்பார்மரில் வயற்பம்புகளும் ஓடும் நேரம் அது. மின்னழுத்தம் குறைந்தால் சூடேற்றும் திறன் அதன் வர்க்கத்திற்கேற்பக் குறையும். 2000 வாட் சூடேற்றி ஏறத்தாழ 1000 வாட்டே தரும். தண்ணீர் எப்படிச் சுடும்? பம்புகள் நின்றபின் இரவில் ஓட்டினோம், தட்டுகள் பளிச்சிட்டன.

வீடெங்கும் அழுத்தம் குறைந்தால் தகுந்த ஸ்டெபிலைசர் வேண்டும். பொறி ஓடுகையில் அந்தப் பிளக்கில் மட்டும் குறைந்தால், இணைப்பு தளர்ந்திருக்கலாம். பிளக் சுட்டால் உடனே நிறுத்துங்கள். எர்த் உள்ள தனி 16 ஆம்பியர் பிளக்கே ஏற்றது. விளக்குகள் திடீரென மிகையாக ஒளிர்ந்தால் மெயினை அணையுங்கள், நியூட்ரல் அறுந்திருக்கலாம்.

பொறியைப் பழிக்குமுன் மின்சாரத்தை அளப்போம்!