வராமற்போனவரை எப்படி எண்ணுவது?



"எச்.ஐ.வி. வந்தால் எத்தனை வருஷம் இருப்பார்கள்?" என்று மல்லாங்கிணறு சபைகளில் எங்களைக் கேட்கிறார்கள்.

சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் மருத்துவர்கள் 594 வியாதியஸ்தரைக் கவனித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், கிருமி கண்டறியப்பட்டதுமுதல் சராசரி ஆயுள் 92 மாதம். அரசு 2004-ல் இலவசக் கூட்டுமருந்து தரத் தொடங்குமுன் எடுத்த கணக்கு அது. இன்று தவறாமல் மருந்து உட்கொள்பவருக்கு அதைச் சொல்லிப் பயமுறுத்தலாகாது.

எல்லாரும் மரிக்குமுன்னே இப்படிக் கணக்கிடுவது எப்படி? 1958-ல் கப்லான், மேயர் என்னும் இருவர் ஒரு வழி வகுத்தார்கள். பத்துப் பேரில் முதல் வருஷம் ஒருவர் மரித்தால், பத்தில் ஒன்பது. பிறகு ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனார், திரும்பி வரவில்லை. அவரை மரித்தவராகவும் எழுதாமல், பிழைத்தவராகவும் எழுதாமல், கடைசியாக வந்த நாளோடு பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். மீதி எட்டுப் பேரில் அடுத்த வருஷம் ஒருவர் மரித்தால், எட்டில் ஏழு. இரண்டையும் பெருக்கினால் நூற்றுக்கு ஏறக்குறைய 79. வராதவரை மரித்தவராக எழுதியிருந்தால் 70. உயிரோடிருப்பவராக எழுதியிருந்தால் 80.

இதில் ஒரு கண்ணி உண்டு. வேலைக்குப் போனதால் அல்ல, எழும்ப முடியாமல் படுத்திருப்பதால் அவர் வராதிருந்தால்? அப்போது 79 என்பது பொய்யான ஆறுதல். சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழ் இறங்கினவருக்கு, 350-க்கு மேல் உள்ளவரைவிட மரண அபாயம் 19 மடங்கு என்று அதே ஆய்வு காட்டிற்று.

ஆகவேதான் உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு, வராதவரைத் தேடிப்போகும் ஊழியரின் பஸ் கட்டணத்துக்குப் போகிறது. வாசலில் நின்று அவர்கள் வியாதியின் பெயரைச் சொல்வதில்லை. கரிசல்காட்டுத் தெருவில் சுவருக்கும் காது உண்டு.