பாரி எம். கோல்ட்வாட்டர் குண்டுவீச்சுப் பயிற்சிக் களம்

பாரி எம். கோல்ட்வாட்டர் பயிற்சிக் களம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் தென்மேற்கில், மெக்சிகோ எல்லைக்கு அருகே, சொனோரா பாலைவனத்தில் அமைந்துள்ள படைத்துறை நிலமாகும். இதன் பரப்பு ஏறத்தாழ 7,000 சதுர கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941ஆம் ஆண்டு, போர் விமானிகளுக்குச் சுடும் பயிற்சி அளிப்பதற்காக இது ஒதுக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் தெளிந்த வானமும் குறைந்த மக்கள்தொகையும் இவ்விடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணங்களாயின. அரிசோனாவின் செனட்டரும் வான்படையில் பணியாற்றியவருமான பாரி கோல்ட்வாட்டரின் பெயர் 1986இல் இதற்குச் சூட்டப்பட்டது. இன்று கிழக்குப் பகுதியை வான்படையும் மேற்குப் பகுதியை மரைன் படையும் நிர்வகிக்கின்றன.

இங்கு விழும் குண்டுகள் எல்லாம் வெடிப்பவை அல்ல. பெரும்பாலான பயிற்சிக்குச் சுமார் 11 கிலோகிராம் எடையுள்ள சிறு குண்டே போதும். பெரிய குண்டு வானிலிருந்து விழும் பாதையை ஒத்தே இதுவும் விழும். தரையைத் தொட்டதும் இதிலுள்ள சிறு மருந்து புகையைக் கக்கும்; குறி தப்பியதா, பட்டதா என்பதை அப்புகையைக் கொண்டு கணிப்பர். உண்மையான வெடிகுண்டுகளுக்கெனத் தனி இலக்குப் பகுதிகள் உண்டு. மேற்குப் பகுதியில், நகரச் சண்டைப் பயிற்சிக்காகச் சரக்குப் பெட்டகங்களை அடுக்கி, ஆளில்லாத ஊர் ஒன்றையே 1999இல் கட்டினர்.

இலக்குகளும் சாலைகளும் களத்தின் சிறு பகுதியையே பிடித்துள்ளன. எஞ்சிய நிலத்தில் வீடுகளோ வயல்களோ எழவில்லை. குண்டு போடுவதற்காக வேலியிட்ட நிலமே பாலைவனத்தை மனிதரிடமிருந்து காத்தது என்பது விந்தைதான். ஆயினும் அதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் பாதிக் கதையே சொன்னதாகும்.

சொனோரா பிராங்கார்ன் என்னும் விலங்கு மான் போலத் தோன்றினாலும் மான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. இதன் கொம்பு கவைபட்டிருக்கும். ஓட்டத்தில் வட அமெரிக்காவின் தரைவாழ் பாலூட்டிகளில் இதற்கு இணையில்லை. நெடுஞ்சாலைகளும் வேலிகளும் இருப்புப்பாதையும் இதன் நடமாட்டத்தை நாலாபுறமும் அடைத்துவிட்டன. எஞ்சியவை இக்களத்திலும் அதையொட்டிய கபெசா பிரியெட்டா வனவிலங்குப் புகலிடத்திலும் ஒதுங்கின. 2002ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் அமெரிக்கப் பகுதியில் ஏறத்தாழ 21 மட்டுமே உயிருடன் இருந்தன.

சிக்கல் என்னவென்றால், இவ்விலங்குகள் இலக்குப் பகுதிகளையே நாடி வந்தன. குண்டுக் குழிகளில் மழைநீர் தேங்கும். திறந்த வெளியில் எதிரி விலங்கும் எளிதில் கண்ணில் படும். எனவே குண்டுவீச்சுக்கு முன் கண்காணிப்பாளர்கள் குன்றுகளில் அமர்ந்து தொலைநோக்கியால் தேடுகின்றனர். இலக்குக்கு அருகே பிராங்கார்ன் தென்பட்டால் அன்றைய குண்டுவீச்சு வேறிடத்துக்கு மாற்றப்படும், அல்லது கைவிடப்படும். புகலிடத்தில் வேலியிட்ட அடைப்புக்குள் இனப்பெருக்கத் திட்டமும் தொடங்கப்பட்டது. அங்கு வளர்ந்தவை காட்டில் விடப்பட்டு, எண்ணிக்கை மெல்ல நூற்றுக்கணக்கில் உயர்ந்தது.

களத்தின் சில பகுதிகளைப் பொதுமக்கள் அனுமதிச் சீட்டுடன் பார்வையிடலாம். வெடிக்காத குண்டுகள் மணலுக்குள் புதைந்திருக்கக்கூடும் என்பதால், அதற்குமுன் பாதுகாப்பு அறிவுரைகளைப் படித்துக் கையொப்பமிட வேண்டும். தரையில் கிடக்கும் உலோகத் துண்டு எதையும் தொடக்கூடாது.