பந்து வருமுன் பார்ப்பவன்

அஸர் தொழுதுவிட்டு மைதானத்திற்குச் சென்ற பிள்ளை, மஃக்ரிப் பாங்கொலி கேட்டுப் புழுதிக் காலுடன் வீடு திரும்புகிறான். "எத்தனை கோல் போட்டாய்?" என்பதே வாப்பா கேட்கும் முதற் கேள்வி. "எத்தனை பேருக்குச் சரியாகப் பந்தைக் கொடுத்தாய்?" என்று கேட்கும் தந்தையரை நான் இதுவரை கண்டதில்லை. கால்பந்தில் ஊறிய காயல்பட்டினத்தில் வேண்டுமானால் அத்தகையோர் இருக்கலாம்!

கோல் போட்டவனுக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அந்தப் பந்தை அவன் காலடியில் கொண்டுவந்து சேர்த்தவனை எவரும் கவனிப்பதில்லை. ஆகவேதான், பந்து கிடைத்ததும் தலையைக் குனிந்துகொண்டு, மூன்று பேரைத் தாண்டி ஓட முயன்று, நான்காமவனிடம் பறிகொடுக்கும் வழக்கம் நம் சிறுவர்களிடம் வேரூன்றிவிடுகிறது.

ஸ்பெயின் நாட்டு ஸாவி ஹெர்னாண்டஸ் இதற்கு நேர்மாறானவர். 1980இல் பிறந்த அவர், தமது 11ஆம் வயதில் பார்சிலோனா கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். உயரம் 170 சென்டிமீட்டர்தான். மின்னல் வேக ஓட்டமும் இல்லை. எதிரணியினரை இடித்துத் தள்ளும் உடற்கட்டும் இல்லை. ஆயினும் 2008 ஐரோப்பியக் கோப்பைப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். 2010இல் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றபோது அவ்வணியின் அச்சாணியாக விளங்கினார். அப்போட்டியில் 7 ஆட்டங்களில் ஸ்பெயின் போட்ட கோல்கள் எட்டே எட்டு! பந்தைத் தமக்குள் பகிர்ந்துகொண்டே, எதிரணியை அதன் பின்னால் ஓடவைத்துக் களைப்புறச் செய்த அணி அது.

ஸாவியின் திறமை காலில் இருந்ததைவிடக் கழுத்தில் அதிகம் இருந்தது என்றால் மிகையாகாது. பந்து தம்மை வந்தடையுமுன் இடமும் வலமும் பின்னும் பலமுறை திரும்பிப் பார்த்துவிடுவார். யார் எங்கே நிற்கிறார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், பந்து வந்தபின் யோசிக்க வேண்டியதில்லை. நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், இப்பழக்கத்தை ஒளிப்பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்தார். அவ்வாறு அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ்களே அதிகமாக உரிய இடத்தைச் சேர்கின்றன என்று அவர் கண்டறிந்தார்.

இனிக் காலுக்கு வருவோம். உதைக்காத காலைப் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றவேண்டும். அதன் விரல்கள் பந்து செல்லவேண்டிய திசையை நோக்கியிருக்கட்டும். உதைக்கும் காலின் கணுவைத் தளரவிடாது இறுக்கி, பாதத்தின் உட்புறத்தால் பந்தின் நடுப்பகுதியைத் தட்டவேண்டும். அடியில் தட்டினால் பந்து எழும்பும். எழும்பிய பந்தை அடக்கத் தோழனுக்கு ஒரு நொடி வீணாகும். அந்த ஒரு நொடி எதிரணிக்குப் போதும். பெருவிரல் நுனியால் உதைப்பது சிறுவர் பலரின் வழக்கம். அதில் வேகம் உண்டு, திசை இராது. தோழனின் எந்தப் பக்கத்தில் எதிரி நிற்கிறானோ, அதற்கு மறுபக்கக் காலுக்கே பந்தைக் கொடுக்கவேண்டும். கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்து நிற்கலாகாது. மீண்டும் வாங்கத்தக்க இடத்திற்கு நகர்ந்துவிட வேண்டும்.

யோஹான் க்ரைஃப் 1988 முதல் 1996 வரை பயிற்சியாளராக இருந்த காலத்தில் பார்சிலோனாவில் நிலைபெற்ற பயிற்சி 'ரோண்டோ'. நால்வரோ ஐவரோ வட்டமாக நின்று பந்தைப் பகிர, நடுவில் நிற்பவன் பறிக்க முயல்வான். பறிகொடுத்தவன் நடுவே செல்லவேண்டும். எட்டுப் பத்துத் தப்படி அகலமுள்ள இடம் போதும். ஒருமுறைக்கு மேல் பந்தைத் தொடக்கூடாது என்று விதித்துப் பாருங்கள். பார்க்காமல் வாங்குபவன் யாரென்று உடனே தெரிந்துவிடும்.

தோழர்கள் வராத நாளில் வீட்டுச் சுவர் இருக்கிறது. சுவரில் பந்தைத் தட்டித் திரும்ப வாங்கட்டும். வலக்காலுக்கு இருபது என்றால் இடக்காலுக்கும் இருபது. பின்னால் ஒருவர் நின்று விரல்களைக் காட்டவேண்டும். பந்து சுவரில் பட்டுத் திரும்புவதற்குள் பிள்ளை திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று சொல்லவேண்டும். முதல் நாள் பந்து காலில் பட்டுத் தெறித்தோடும். விரல் கணக்கும் பிழைக்கும். விரல் காட்ட வாப்பாவே வந்து நிற்கலாம். அதற்குக் கால்பந்து தெரிந்திருக்க வேண்டியதில்லை.